நாய்க்குத் திறந்திருந்த தெரு

பள்ளிக்கூடம் லீவு. குடும்பத்தோடு கன்னியாகுமரிப் பக்கம் கிளம்புகிறீர்கள். வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. அதையும் கூட்டிக்கொண்டுதான் போகணும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். தாராளமாகக் கூட்டிப் போங்கள். போகிற வழியில் ஒரு தெரு வரும். அங்கே நாயோடு நடப்பதற்கு முன் அந்தத் தெருவின் பழைய கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் பயண சமாச்சாரம். ரயிலில் நாயைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் முதல் வகுப்பில் கூபேயோ கேபினோ முழுசாக உங்கள் பேரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டுதான். ஸ்லீப்பரில் நாயை ஏற்ற முடியாது. கையில் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழ் இருக்கட்டும். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு முட்டம் கடற்கரையில் காலை நேரத்தில் ஓட விடலாம். மத்தியான வெயிலில் தார் ரோட்டில் நடக்க விட்டால் பாதம் வெந்துவிடும். மலைப்பக்கம் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள். வீட்டு நாயிடமிருந்து செந்நாய்க்கு நோய் தொற்றும். சிறுத்தைக்கு உங்கள் நாயே இரையாகவும் கூடும்.

கவனித்தீர்களா? நாய்க்கு இத்தனை தடைகள். ஆனால் ஒவ்வொரு தடைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஏன் என்று கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள்.

இப்போது அந்தத் தெருவுக்கு வருவோம்.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் சாலையில் ஐந்தாறு கிலோமீட்டர் போனால் சுசீந்திரம். தாணுமாலயன் கோயில், இசைத்தூண்கள், ஆளுயரத்தைப்போல மூன்று மடங்கு நிற்கும் அனுமார்... எல்லாம் உங்களுக்குத் தெரியும். கோயிலைச் சுற்றி நான்கு ரத வீதிகள். சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த வீதிகளில் நாய் நடக்கலாம், மாடு நடக்கலாம். ‘தீண்டத்தகாதவர்’ என்று ஒதுக்கப்பட்ட மனிதர் மட்டும் நடக்கக் கூடாது!

அப்போது நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல்தான். அந்தச் சமஸ்தானத்தில் யார் யாரிடமிருந்து எத்தனை தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கு ஜாதிக்கு ஜாதி அடிக்கணக்கு இருந்தது. ஈழவருக்கு ஒரு தூரம், புலையருக்கு அதைவிட அதிக தூரம்.

அரசாங்கம் சும்மா இருந்ததா என்றால், இல்லை. பொதுச்சாலைகள் எல்லோருக்கும் பொது என்று 1865-லேயே அறிவித்தது. 1884-ல் அதையே மறுபடியும் சொன்னது. ஆனால் சட்டத்தில் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். ‘ராஜவீதி’ வேறு, ‘கிராமவீதி’ வேறு. கோயிலைச் சுற்றியுள்ளது கிராமவீதி, அதற்கு அந்த உத்தரவு பொருந்தாது என்றார்கள். கணக்குப் புத்தகத்தில் தலைப்பை மாற்றிக் கடனை மறைப்பது மாதிரியான வேலை. இதில் இன்னொரு வேடிக்கை: அதே ஆள் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ மதம் மாறிவிட்டால் அதே தெருவில் நடக்கலாம்!

இதை எதிர்த்து முதல் பெரிய போராட்டம் வடக்கே வைக்கத்தில், இன்றைய கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில், 1924 மார்ச் 30-ல் தொடங்கியது. ஈரோட்டிலிருந்து போன பெரியார் இரண்டு தடவை சிறை சென்றார். நாகம்மையாரும் களத்தில் நின்றார். 1925 மார்ச்சில் காந்தியே வைக்கத்துக்கு வந்தார். நாயும் பன்றியும் போகிற தெருவில் மனுஷன் போகக் கூடாதா என்பதுதான் அந்நாளைய மேடைகளில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி.

பதில்? 1925 பிப்ரவரியில் திருவிதாங்கூர் சட்டசபையில் கோயில் சாலைகளை எல்லோருக்கும் திறக்கச் சொல்லும் தீர்மானம் வந்தது. ஆதரவு 21, எதிர்ப்பு 22. ஒரே ஓட்டில் தோற்றது! அந்த வருஷக் கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. மூன்று பக்கத்துச் சாலைகள் திறந்தன, கிழக்குப் பக்கம் மூடியே கிடந்தது.

அடுத்தது சுசீந்திரம். நாகர்கோவிலைச் சேர்ந்த டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்று நடத்த, 1926-ல் இங்கே சத்தியாகிரகம் தொடங்கியது. பேச்சுவார்த்தை, வாக்குறுதி, ஏமாற்றம் என்று இழுத்துக்கொண்டே போனது. 1930-ல் தொண்டர்கள் மறுபடியும் இறங்கினார்கள். அவர்கள் கோயிலுக்குள் விடு என்று கேட்கவில்லை. தெருவில் நடக்க விடு என்றுதான் கேட்டார்கள். அதற்கே இத்தனை வருஷம்.

கடைசியில் 1936 நவம்பர் 12-ல் மன்னர் சித்திரைத் திருநாள் பாலராம வர்மா ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். சமஸ்தானக் கோயில்களின் கதவே எல்லா இந்துக்களுக்கும் திறந்தது. கோயிலே திறந்தபின் தெருவை மூடி வைக்க என்ன காரணம் சொல்ல முடியும்?

இது திருவிதாங்கூர் கதை மட்டுமல்ல. மகாராஷ்டிரத்தில் மகாத் ஊர்க்குளத்தில் ஆடுமாடுகள் தண்ணீர் குடித்தன; தலித்துகள் குடிக்கக் கூடாது. 1927 மார்ச் 20-ல் அம்பேத்கர் தம் மக்களோடு போய் அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். நாய் பூனையைவிடக் கேவலமாக எங்களை நடத்தும் நாட்டை எப்படி என் நாடு என்பேன் என்று 1931-ல் காந்தியிடமே கேட்டார்.

இதில் நாயின் மேல் எந்தக் குற்றமும் இல்லை, பாவம். அதைத் தெருவில் விட்டது தப்பே அல்ல. அதை விட்ட கைதான் மனிதனை மறித்தது. ஏன் என்று கேட்டபோது ‘அது வழக்கம்’ என்பதைத் தவிர அந்தக் கையிடம் வேறு பதில் இல்லை.

ஆகவே, சுசீந்திரத்தில் காரை நிறுத்தினால் ரத வீதியில் நாயோடு ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். கோயிலுக்குள் இதை ஏன் விட மாட்டேன் என்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வது சுலபம். சொன்ன கையோடு, ஒரு காலத்தில் இந்தத் தெருவில் யாரை விடவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். அதற்கும் ஏன் என்று கேட்பார்கள். அப்போது கொஞ்சம் திணறுவீர்கள். பரவாயில்லை, திணறுங்கள்.