மைனஸ் 20 டிகிரியில் சொந்த வீடு... ஃபின்லாந்தின் `தோள் வங்கி' டெக்னிக்!

நம்ம ஊரில் மார்கழி மாதம் வீட்டு வேலையை ஆரம்பிக்க மாட்டார்கள். `தை பிறக்கட்டும், பூமி பூஜை போட்டுக்கலாம்' என்பார்கள் பெரியவர்கள். ஃபின்லாந்தில் இந்தக் கணக்கு செல்லாது. நமக்குத் தை பிறக்கும்போதுதான் அங்கே குளிர் உச்சத்துக்குப் போகும். நாட்டின் பல பகுதிகளில் பனி விலக ஏப்ரல், மே ஆகிவிடும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு பக்கம் வாடகை, இன்னொரு பக்கம் வீட்டுக்கடன் வட்டி. அதனால் குளிரிலும் வேலை ஓடுகிறது. அதிலும் பலர் மொத்தத்தையும் கான்ட்ராக்ட் விடாமல், ஆபீஸ் முடிந்த பிறகும் வீக்எண்டிலும் தாங்களே சுத்தியலைப் பிடிக்கிறார்கள்.

இதற்கு ஃபின்னிஷ் மொழியில் ஒரு பெயர் இருக்கிறது: `ஹர்தியாபங்க்கி'. அப்படின்னா `தோள் வங்கி'. பணம் குறைவாக இருக்கிறதா, உன் தோள்தான் பேங்க்!

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் வலியான ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போரில் கரேலியாவின் பெரும்பகுதியை சோவியத் யூனியனிடம் இழந்தது ஃபின்லாந்து. 4 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வீடு வாசலை விட்டுவிட்டு வந்தார்கள். 1945-ல் வந்த நிலச் சட்டம் அவர்களுக்கும் போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கும் நிலம் கொடுத்தது. வீடு? ரெடிமேடாக வரைந்த பிளான் கிடைத்தது. கட்டுவது அவரவர் பாடு. ஒன்றரை மாடி மரவீடு, நடுவில் புகைபோக்கி, சுவருக்குள் குளிர் தாங்க மரத்தூள். `முன்கள வீரர் வீடு' என்று பெயர். இன்றைக்கும் அந்த வீடுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள்.

மண்ணோடு ஒரு ரேஸ்

குளிரில் வீடு கட்டுவதில் நிஜமான வில்லன் குளிர்காற்று இல்லை, தண்ணீர். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவிகிதம் பெரிதாகும். மண்ணுக்குள் இருக்கும் ஈரம் உறைந்தால், கீழிருந்து மேலும் தண்ணீரை உறிஞ்சிப் பனிக்கட்டி அடுக்கு அடுக்காக வளரும். மேலே இருக்கும் கட்டடத்தையே தூக்கிவிடும். ஃபின்லாந்தின் தெற்கிலேயே இந்த உறைநிலை ஒரு மீட்டரைத் தாண்டி இறங்கும்.

அதனால் நிலம் இறுகுவதற்குள் பள்ளம் தோண்டி, அஸ்திவாரத்தை முடித்துவிடப் பார்ப்பார்கள். அஸ்திவாரத்தைச் சுற்றி மண்ணுக்கடியில் கெட்டியான தெர்மோகோல் பலகைகளைப் பதிப்பதும் கட்டாயம் மாதிரிதான். பூமியின் சூடு வெளியே போகாமல் அது காக்கும். மேலே விழுந்திருக்கும் பனிகூட ஒரு போர்வைதான். `சைட் நீட்டா இருக்கட்டும்' என்று மொத்தப் பனியையும் வழித்துவிட்டால், மண் இன்னும் ஆழமாக உறையும்.

லேட்டாகிவிட்டால்? சூடான திரவம் ஓடும் குழாய்களை நிலத்தில் பரப்பி, உறைந்த மண்ணை உருக்க வேண்டும். செலவு எகிறும்.

கான்கிரீட்டுக்குக் கம்பளி

சிமென்ட்டும் தண்ணீரும் சேர்ந்து கெட்டியாவது ஒரு ரசாயன வினை. குளிர் ஏற ஏற அது சோம்பேறியாகும். கெட்டியாவதற்கு முன்பே உள்ளிருக்கும் தண்ணீர் உறைந்துவிட்டால், அந்தக் கான்கிரீட் பிறகு எத்தனை மாதம் ஆனாலும் முழு பலத்துக்கு வராது. அதனால் ஃபின்லாந்தில் ஒரு விதி: 5 மெகாபாஸ்கல் பலம் வரும்வரை கான்கிரீட் உறையக் கூடாது. நம்ம ஊர் எம்20 கான்கிரீட்டின் பலத்தில் இது கால்வாசி. அங்கே ரெடிமிக்ஸ் கம்பெனியிடம் சூடான கலவையே ஆர்டர் செய்யலாம். ஊற்றியதும் வெப்பப் போர்வை போர்த்தி, உள்ளே சென்சார் வைத்துக் கண்காணிப்பார்கள். சீக்கிரம் இறுக கால்சியம் குளோரைடு போடலாமே என்று தோன்றும். ஆனால், கம்பி இருக்கும் கான்கிரீட்டில் அது துருவைக் கூட்டிவரும்.

அடுத்த இலக்கு கூரை. ஹெல்சின்கியில் டிசம்பர் கடைசியில் பகல் வெளிச்சம் 6 மணி நேரம்கூடக் கிடையாது. பனி கொட்டுவதற்குள் மேலே மூடிவிட்டால்தான் மரச்சட்டங்கள் ஈரமாகாமல் தப்பிக்கும். அதனால் ஃபேக்டரியில் செய்த சுவர்களை வாங்கி, சில நாள்களிலேயே நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய பேர். தோள் வங்கிக்காரர்கள் சொந்தபந்தம், நண்பர்களைக் கூப்பிடுவார்கள். கூலி கிடையாது, வயிறார சாப்பாடு உண்டு. இந்தக் கூட்டு வேலைக்குப் பெயர் `தல்கோத்'. கூரை முகடு ஏறியதும் வேலை செய்தவர்களுக்குத் தனியாக விருந்து. கான்கிரீட் போட்ட அன்றைக்கு நாம பிரியாணி போடுவோமே, அதே கதைதான்!

கூரை போட்ட பிறகு குளிர்காலமே கைகொடுக்கும் என்பதுதான் ஆச்சர்யம். மைனஸ் டிகிரி காற்றில் ஈரப்பதத்தின் அளவு மிகக் குறைவு. அந்தக் காற்றை உள்ளே விட்டுச் சூடாக்கினால், சுவரிலும் தரையிலும் இருக்கும் ஈரத்தை நன்றாக இழுத்துக்கொண்டு வெளியேறும். ஆனால், கரன்ட் பில் எகிறுதே என்று காற்றுப்போக்கை அடைத்துவிட்டால் எல்லாம் வீண். கான்கிரீட்டுக்குள் ஈரப்பதம் 85 சதவிகிதத்துக்குக் கீழே வந்ததை அளந்து பார்த்த பிறகுதான் மரத்தரை ஒட்டுவார்கள். அவசரப்பட்டால் அடியில் பூஞ்சை வரும். ஆஸ்துமா இருக்கும் குழந்தைதான் முதலில் கஷ்டப்படும்.

இன்னொன்று, உயிர் விஷயம். புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரை மூடிய இடத்தில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையே இருக்காது. வேலை செய்த அலுப்பில் அங்கேயே தூங்கினால், எழுந்திருக்காமலே போகலாம். எலெக்ட்ரிக் ஹீட்டர், கூடவே ஒரு அலாரம். இதில் கஞ்சத்தனமே கூடாது.

அடுத்து ஊட்டி, கோத்தகிரி பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு. டிசம்பர், ஜனவரியில் அங்கே உறைபனி விழுகிறது. வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போனால் கான்கிரீட்டுக்குத் தனி கவனிப்பு வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி ஐ.எஸ். 7861. ராத்திரியில் புது கான்கிரீட்டைச் சாக்கு, தார்ப்பாய் கொண்டு மூடுங்கள். 4.5 மீட்டர் வரையிலான தளத்துக்கு 7 நாளில் முட்டு எடுக்கலாம் என்று மேஸ்திரி சொல்வது பொய்யில்லை. ஆனால், ஐ.எஸ். 456-ல் இருக்கும் அந்தக் கணக்கு, வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்காத இடத்துக்குத்தான். மலையில் ஜனவரி ராத்திரி அப்படி இருக்காது. எத்தனை நாள் கூடுதலாக விட வேண்டும் என்று இன்ஜினீயரிடம் கேட்டுவிட்டு, பிறகு சென்ட்ரிங்கில் கை வையுங்கள்.