கீறலைத் தேய்த்த கதை

பொங்கலுக்கு வந்த மருமகனின் கார், விளாத்திகுளத்துக்கு வரும் கிராமச் சாலையொன்றில் சீமைக்கருவேல முள்ளில் உரசிவிட்டது. இடது பக்கக் கதவில் நாலைந்து வெள்ளைக் கோடுகள். "விடுங்க மாமா, ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்றார். நான் விடவில்லை. வேலையில் இருந்த காலத்தில் அலுவலக அம்பாசிடரை ஓட்டுநர் ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்குவதைப் பல வருஷம் பார்த்தவன் அல்லவா! மருமகன் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் ஒரு டப்பா வாங்கி வந்து தேய்த்தேன். கோடுகள் போய்விட்டன. மறுநாள் வெயிலில் பார்த்தால் அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வண்டி மங்கிக் கிடந்தது.

பெயிண்டர் ஒருவரிடம் காட்டினேன். "அண்ணாச்சி, இது டூகோ வண்டி இல்ல. மேல இருந்த தோலை உரிச்சிட்டீங்க" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கார்கள் வந்த புதிதில் எண்ணெய் வார்னிஷைத் தூரிகையால் பூசினார்கள். பூச்சுக்கு மேல் பூச்சு என்று காய்ந்து முடிய வாரக்கணக்கில் ஆகும். 1914 முதல் 1925 வரை ஃபோர்டு தன் மாடல் டி கார்களைக் கறுப்பில் மட்டுமே விற்றதற்கு, அந்தக் கறுப்பு சீக்கிரம் காய்ந்ததும் ஒரு காரணம் என்பார்கள். இந்த நிலையை மாற்றியது அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி கொண்டுவந்த டூகோ. 1924ஆம் ஆண்டு மாடலாக வந்த ஓக்லண்ட் கார்கள் இந்த டூகோவில் நீல நிறம் பூசிக்கொண்டு வந்தன. வாரக்கணக்கில் நடந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது.

டூகோவின் மூலப்பொருள் என்ன தெரியுமா? நம் கரிசல்காரர்களுக்குப் பழகிய பருத்திதான். பருத்திப்பால் எடுக்கிறோமே, அந்தக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்ததில் ஊறவைத்தால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். 1846இல் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் இதை வெடிமருந்தாகக் காட்டினார். பிரெஞ்சில் படித்த எனக்கு இது 'கொத்தோன் பூத்ர்' என்று பள்ளியிலேயே அறிமுகம். பஞ்சு வெடிமருந்து என்று பொருள். முதல் உலகப் போரில் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் இதை மலைமலையாகச் செய்த தொழிற்சாலைகள், போர் முடிந்ததும் வேறு வேலை தேடின. அப்படிக் கிடைத்த வேலைகளில் ஒன்று கார் பெயிண்ட்.

நம் பட்டறைகளில் டூகோ என்பது தொழிலின் பெயராகவே ஆகிவிட்டது. டிங்கரிங் முடித்து, பட்டி வைத்து, பிறகு 'டூகோ அடிப்பார்கள்'. அடித்தவுடன் அது முழுப் பளபளப்பாக இருக்காது. வாட்டர் பேப்பரால் தேய்த்து, பிறகு காம்பவுண்டு போட்டுத் தேய்த்தால்தான் மினுங்கும். தேய்ப்பதும் பெயிண்ட் அடிப்பதில் ஒரு பகுதியாக இருந்தது. ஒரே நிறம் பல பூச்சாக இருந்ததால் கொஞ்சம் தேய்ந்து போனாலும் அடியில் அதே நிறம் இருக்கும். எங்கள் ஓட்டுநர் தைரியமாகத் தேய்த்தது அதனால்தான்.

1980களில் உலகக் கார்களில் வேறொரு முறை பரவியது. அடியில் மெல்லிய நிறப்பூச்சு, அதன் மேல் நிறமில்லாத கிளியர் கோட். பளபளப்பு எல்லாம் மேலே இருப்பதில்தான். வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுவே. அதன் கனம் சுமார் 40 மைக்ரான். நம் தலைமுடியின் பருமன்கூட அதைவிட அதிகம்.

இன்னொன்றும் புரிந்தது. தேய்க்கும்போது நாம் கீறலை அடைப்பதில்லை. கீறலைச் சுற்றியுள்ள மேட்டை அதன் ஆழத்துக்கு இறக்குகிறோம். ஒவ்வொரு முறையும் அந்த 40 மைக்ரானிலிருந்து கொஞ்சம் செலவாகிறது. நான் ஒரே மத்தியானத்தில் அத்தனையும் செலவழித்துவிட்டேன்.

பெயிண்டர் சொல்லித்தந்த சோதனைகள் எளிமையானவை. முதலில் கரிசல் தூசி போக நன்றாகக் கழுவ வேண்டும். இல்லையென்றால் அந்தத் தூசியே புதுக் கீறல் போடும். கீறல் மேல் தண்ணீர் பட்டதும் அது மறைந்தால் கிளியர் கோட்டோடு நின்ற கீறல். நிழலில் வைத்து, நைஸ் பாலிஷை மெத்தென்ற துணியில் எடுத்து, பார்த்துப் பார்த்துத் தேய்க்கலாம். கதவு விளிம்பில் பூச்சு மெல்லியது, அங்கே கை வைக்கக் கூடாது. நகத்தை ஓட்டினால் தட்டுகிறதா? அது ஆழமான கீறல், தேய்த்துப் போகாது.

கதவு முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. செலவை நான் கொடுத்தேன். மருமகன் முதலில் வாங்க மறுத்து, மகள் சொன்ன பிறகு வாங்கிக்கொண்டார். அடுத்த முறை சுற்றானாலும் எட்டயபுரம் மெயின் ரோட்டிலேயே வரச் சொல்லியிருக்கிறேன். காம்பவுண்டு டப்பாவை மனைவி எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாள். நானும் கேட்கவில்லை.