புதிய யந்திரத்துள் பழைய இயங்குதளம்: ஒரு சரித்திர ஆராய்ச்சி

கணினிகளின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் புதிய யந்திரங்கள் பிறந்த ஆண்டுகளையே வரிசைப்படுத்திச் செல்கிறார்கள். ஒரு யந்திரம் ஓய்வுபெற்ற பின்னும் அதற்காக எழுதப்பட்ட நிரல்கள் அலுவலகங்களில் ஓயாது உழைத்துக்கொண்டிருந்தன என்பதும், அவற்றைக் கைவிட முடியாத நிர்ப்பந்தத்திலிருந்தே கணினிக் கலையின் மிக நுட்பமான யுக்திகள் சில தோன்றின என்பதும் அவ்வரலாறுகளில் போதிய இடம் பெறவில்லை. பழைய இயங்குதளமொன்றைப் புதிய கணினிக்குள் ஓடச்செய்வது பழம்பொருள் சேகரிப்போரின் பொழுதுபோக்கு என்ற அபிப்பிராயம் இன்று பரவியிருக்கிறது. ஆதாரங்களை ஆராயுமிடத்து, இந்த வித்தை ஒவ்வொரு கட்டத்திலும் பழைய நிரல்களில் பணத்தையும் உழைப்பையும் முடக்கியிருந்தவர்களின் தேவையாலேயே முன்னேறியது என்பதும், உற்பத்தியாளர்கள் தாமாக மனமுவந்து அளித்தது மிகக் குறைவு என்பதும் புலனாகின்றன.

1959 அக்டோபரில் ஐ.பி.எம். வெளியிட்ட 1401 என்னும் கணினியில் இந்தச் சரித்திரத்தைத் தொடங்குவது பொருத்தம். ஆயிரக்கணக்கான 1401கள் சம்பளப் பட்டியலும் சரக்குக் கணக்கும் போட்டுக்கொண்டிருந்த நிலையில், 1963 டிசம்பரில் ஹனிவெல் நிறுவனம் தன் 200 என்னும் யந்திரத்தை அறிவித்து, 1401-க்கு எழுதிய நிரல்களை அதற்கு மாற்றித்தரும் ‘லிபரேட்டர்’ என்ற மென்பொருளையும் சேர்த்தே விளம்பரப்படுத்தியது. வாடிக்கையாளருடைய விசுவாசம் எந்த யந்திரத்தின் மீதும் அன்று, தாம் எழுதிவைத்த நிரல்களின் மீதே என்பதை ஐ.பி.எம். அந்நாளில் கலக்கத்துடன் உணர்ந்தது. ஏனெனில் 1964 ஏப்ரல் 7-ஆம் தேதி அது அறிவிக்கவிருந்த சிஸ்டம்/360 வரிசை, 1401-உடன் எவ்விதப் பொருத்தமும் இல்லாத புத்தம்புதிய அமைப்பாக இருந்தது.

அந்தப் பொருத்தமின்மையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம். 1401-இன் நினைவகம் தனித்தனி எழுத்துகளுக்கான இடங்களால் ஆனது. ஓர் எண் ஐந்து இலக்கமானால் ஐந்து இடங்களையும், இருபது இலக்கமானால் இருபது இடங்களையும் பிடித்துக்கொள்ளும். அது எங்கே முடிகிறது என்பதை அந்த இடத்தோடு ஒட்டியிருந்த ‘வேர்டு மார்க்’ என்ற தனி பிட் காட்டும். 360-இலோ எட்டு பிட் கொண்ட பைட்டுகளும் இரும எண்ணாலான முகவரிகளுமே உண்டு. எல்லை காட்டும் அந்தத் தனி பிட்டுக்கு அங்கே இடமில்லை. இந்த வேற்றுமையை வெறும் நிரலால் சமாளித்தால் வேகம் படுபாதாளத்தில் விழும் என்பதால், ஐ.பி.எம். பொறியாளர்கள் யந்திரத்தின் ஆணைகளுக்கே பொருள் கொடுக்கும் மைக்ரோகோடு என்ற அடித்தளத்தில் 1401-இன் ஆணைகளையும் எழுதிச் சேர்த்தார்கள். இதன் பயனாக, மாடல் 30 என்ற சிறிய 360 யந்திரம் வேண்டும்போது 1401 ஆகவே நடந்துகொண்டது. பழைய நிரல்கள் தம் பூர்வீக யந்திரத்தில் ஓடியதைவிட அதில் வேகமாகவும் ஓடின. பெரிய மாடல் 65-இல் விஞ்ஞானக் கணக்குகளுக்குப் பெயர்பெற்ற 7090-ஐயும் இவ்வாறே உயிர்ப்பித்தார்கள். இவ்வழிக்கு எமுலேஷன் என்று பெயர்.

இதனின்றும் வேறான மற்றொரு வழி, அதே ஆண்டுகளில் மாசசூசெட்ஸிலிருந்த ஐ.பி.எம். கேம்பிரிட்ஜ் விஞ்ஞான மையத்தில் உருவாயிற்று. ராபர்ட் கிரீசியும் லெஸ் கோமோவும் ஒரு கணினியைப் பலர் ஒரே காலத்தில் பகிர்ந்து உபயோகிக்க வழி தேடியபோது, ஒவ்வொருவருக்கும் ஒரு முழு 360 யந்திரமே தமக்கென்று இருப்பதான தோற்றத்தைத் தந்துவிட்டால் என்ன என்ற துணிவான முடிவுக்கு வந்தார்கள். விசேஷமாக மாற்றியமைக்கப்பட்ட மாடல் 40-இல் 14 மெய்நிகர் யந்திரங்களை ஒருசேர ஓட்டவல்ல சி.பி.-40, 1967 ஜனவரியில் வேலைக்கு வந்தது. பழைய இயங்குதளங்களைக் காப்பது அவர்களுடைய நோக்கத்தில் இல்லை. ஆயினும் காட்டப்படுவது முழு யந்திரமேயானால் அந்த யந்திரத்துக்கென எழுதிய எந்த இயங்குதளமும் அதற்குள் ஓடியே தீரும் என்பது தானாக வந்த விளைவு. சி.பி.-40-இன் வழிவந்த சி.பி.-67-க்குப் பின், 1972 ஆகஸ்டு 2-ஆம் தேதி அதே வரிசையில் வி.எம்./370 வெளியானதும் வாடிக்கையாளர்கள் இந்த விளைவையே பிரதானமாகப் பற்றிக்கொண்டார்கள். அதுவரை புதிய இயங்குதளத்தைச் சோதிக்க இரவிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ கணினியைக் காலிசெய்து காத்திருந்தவர்கள், இனி ஒரு மெய்நிகர் யந்திரத்தில் பழைய டாஸ்/360 இயங்குதளத்தை அன்றாட வேலைக்கு ஓடவிட்டு, மற்றொன்றில் புதியதைப் பழகிக்கொண்டு, கணக்குகளைப் பதறாமல் ஒவ்வொன்றாக மாற்றினார்கள்.

இவ்வமைப்பின் சூட்சுமம் எளியது. உள்ளே ஓடும் இயங்குதளத்தின் சாதாரண ஆணைகளைப் பிராசஸரே நேராக நிறைவேற்றும். யந்திரத்தின் நிலையை மாற்றும் அதிகார ஆணை ஒன்றை அது இட்டால் மட்டும் பிராசஸர் அதைத் தடுத்து, மேற்பார்வை நிரலை அழைக்கும். மேற்பார்வை நிரல் அந்த மாற்றத்தை மெய்நிகர் யந்திரத்துக்குள் மட்டும் செய்து காட்டும். 1974-இல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் என்ற இருவர் இதை ஒரு தேற்றமாகவே நிறுவினார்கள்: யந்திரத்தின் நிலையைத் தொடும் ஒவ்வோர் ஆணையும் இவ்வாறு தடுக்கப்படக்கூடியதாக இருந்தால், அந்த யந்திரத்தில் மேற்பார்வை நிரல் ஒன்றை அமைப்பது நிச்சயம் சாத்தியம்.

வருந்தத்தக்க விஷயம் என்னவெனில், மேசைக் கணினிகளை ஆண்ட இன்டெல் பிராசஸர் குடும்பம் இந்த நிபந்தனையைப் பொருட்படுத்தாமலே வளர்ந்தது. 1985-இல் வந்த 80386-இல் பழைய 8086-ஐப் போல நடக்கும் ஒரு தனி நிலை வைக்கப்பட்டதும், 1987-இல் விண்டோஸ்/386 அதைக்கொண்டு மேசைக் கணினிகளின் டாஸ் நிரல்கள் பலவற்றை அருகருகே ஓட்டியதும் உண்மையே. ஆனால் 386-இன் முழுப் பலத்தையும் பயன்படுத்தும் இயங்குதளத்தை இன்னொரு 386-க்குள் வைக்க அந்த வசதி உதவவில்லை. ‘பாப்எஃப்’ என்ற ஆணையை எடுத்துக்கொள்வோம். நடக்கும் வேலையை இடைமறிக்கும் குறுக்கீடுகளை நிறுத்தவோ அனுமதிக்கவோ இயங்குதளம் இதை உபயோகிக்கும். அதிகாரம் குறைந்த நிலையில் ஓடும் இயங்குதளம் இதை இட்டால், பிராசஸர் தடுத்து மேற்பார்வையாளரை அழைப்பதும் இல்லை, சொன்னதைச் செய்வதும் இல்லை. அந்தக் குறுக்கீட்டு பிட்டை மட்டும் தொடாமல் அடுத்த ஆணைக்குப் போய்விடுகிறது. உள்ளேயுள்ள இயங்குதளம் குறுக்கீடுகள் நின்றுவிட்டன என்று நம்பிக் காரியத்தைத் தொடரும், அவை நிற்கவில்லை. இத்தகைய ஆணைகள் பென்டியத்தில் 17 இருந்தன என்று 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரிய கணினிகளில் 1967-இலேயே நிறைவேறிவிட்ட ஒரு வித்தை சிறிய கணினிகளில் முப்பது ஆண்டுகள் பின்தங்கியதற்கு இந்த அலட்சியமே முதற்காரணம் என்பது என் துணிபு.

அக்குறையை மென்பொருளாலேயே வென்றது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த குழு. மெண்டல் ரோசன்பிளம், எட்வார்டு புன்யோன், ஸ்காட் டிவைன் ஆகியோர் 1997-இல் ‘டிஸ்கோ’ என்ற ஆய்வை வெளியிட்டு, மறு ஆண்டு டயான் கிரீன் முதலியோருடன் விஎம்வேர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். உள்ளேயுள்ள இயங்குதளத்தின் ஆணைகளை ஓடும்போதே படித்து, ஆபத்தானவற்றை மட்டும் வேறு ஆணைகளாக மாற்றி எழுதி, மற்றவற்றை அப்படியே ஓடவிடும் அவர்களது முறை 1999-இல் விற்பனைக்கு வந்தது. இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் 2005, 2006-ஆம் ஆண்டுகளில்தான் தத்தம் பிராசஸர்களில் இதற்கான நேரடி வசதியைச் சேர்த்தன. போபெக்கும் கோல்ட்பெர்க்கும் நிபந்தனையை எழுதிவைத்து அதற்குள் முப்பத்தோர் ஆண்டுகள் கழிந்திருந்தன.

பிராசஸரின் ஜாதியே மாறிவிடும்போது எமுலேஷன்தான் மீண்டும் துணை. 1994-இல் பவர்பிசிக்கு மாறிய ஆப்பிள் பழைய 68000 வரிசை நிரல்களை இதனாலேயே காப்பாற்றியது. 2003-இல் ஃபப்ரிஸ் பெல்லார்டு வெளியிட்ட கியூஎமு ஒரு ஜாதிக் கணினியை மற்றொரு ஜாதிக்குள் ஓட்டுவதை எவர்க்கும் எட்டச்செய்தது. பாப் சப்னிக் தொடங்கிய சிம்ஹெச் பிடிபி-11 போன்ற மறைந்த யந்திரங்களை மீட்டது.

ஆற்றல் மிகுதியே பழைய இயங்குதளத்துக்கு விரோதமாவதும் உண்டு. 512 மெகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தைக் கண்டால் விண்டோஸ் 98 நினைவகம் போதவில்லை என்று முரண்பாடாக அறிவித்து நின்றுவிடக்கூடும். மெய்நிகர் யந்திரத்தில் 256 மெகாபைட்டை மட்டும் காட்டினால் தீரும் துன்பம் இது. வேகத்தின் விஷயம் இவ்வளவு சுலபமன்று. விண்டோஸ் 95-இன் நெட்வொர்க் பகுதி தொடங்கும்போது காலத்தை அளவிடும் ஒரு கணக்கு உண்டு, பிராசஸர் 2.1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டினால் அக்கணக்கில் வகுக்கும் எண் பூஜ்யமாகி, இயங்குதளம் வாசலிலேயே விழுந்துவிடுகிறது. மெய்நிகர் யந்திரத்துக்குள்ளும் ஆணைகளை மெய்யான பிராசஸரே முழு வேகத்தில் ஓட்டுவதால் அங்கும் இதே கதிதான். எந்த நேரடி ஓட்டம் இம்முறையின் பெருமையோ அதுவே இங்கே குறையாகிறது. பழுதான கோப்பைத் திருத்தியாக வேண்டும். டாஸ் நிரல்களுக்கோ, வேகத்தை வேண்டிய அளவு குறைத்துக்கொள்ள இடம்தரும் டாஸ்பாக்ஸ் 2002 முதல் கிடைத்துவருகிறது. 64 பிட் நிலையில் பிராசஸர்கள் 386-இன் அந்தப் பழைய வசதியைக் கைவிட்டுவிட்டதால் டாஸ்பாக்ஸின் அவசியம் பெருகியே வருகிறது.

இந்த வித்தை தமிழ்ப் பதிப்புலகுக்கும் தேவைப்படுகிறது. நம் அச்சகங்களும் பதிப்பகங்களும் 1990களில் விண்டோஸ் 95, 98 கணினிகளில் பேஜ்மேக்கர் கொண்டு கோத்த தமிழ் நூல்கள் எண்ணிறந்தவை. அவை யூனிகோடுக்கு முந்திய, ஒன்றோடொன்று ஒவ்வாத எழுத்துருக்களில் அமைந்தவை; 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாப், டாம் என்ற தரங்கள் வகுக்கப்படுவதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தக் குறிமுறையையே கையாண்டது. அந்தக் கோப்புகளைப் பக்க அமைப்பு குலையாமல் திறப்பதற்கு நேரான வழி, அக்காலத்து இயங்குதளத்தையே மெய்நிகர் யந்திரத்தில் எழுப்புவதுதான். அதற்குக் கோப்பு மட்டும் போதாது. எழுத்துருவும் கீபோர்டு மென்பொருளும் நிறுவல் குறுந்தகடும் அதன் உரிம எண்ணும் சேர்ந்தே இருக்க வேண்டும். பழைய கணினியைக் காயலான் கடைக்கு அனுப்ப எண்ணும் பதிப்பாளர்கள் அதன் ஹார்டு டிஸ்க்கை முழுமையாக ஒரே கோப்பாகப் படியெடுத்து, நிறுவல் தகடுகளின் படிகளோடு இரண்டு இடங்களில் வைத்துவிட்டு, அதன் பின்னரே அனுப்ப வேண்டுகிறேன்.