பதிப்பு மாற்றத்தில் பெயர்கள்: தமிழ்த் தரவுத்தள இற்றைப்படுத்தலும் ஒத்திசைவுச் சிக்கல்களும் – மூக்கண்டப்பள்ளியை முன்வைத்து (1991–2019)

ஆய்வுச் சுருக்கம்

தரவுத்தள மென்பொருளின் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்பிற்கு மாறும்போது ஏற்படும் ஒத்திசைவுச் சிக்கல்கள் பொதுவாகத் தொழில்நுட்பச் சிக்கல்களாகவே கருதப்படுகின்றன. தமிழைப் பொறுத்தவரை அவை குறியாக்க வரலாற்றோடும் நிருவாக எல்லைகளின் வரலாற்றோடும் பிணைந்தவை. ஓசூரை அடுத்த மூக்கண்டப்பள்ளி என்னும் ஊர்ப்பெயரைச் சான்றாகக் கொண்டு, 1991 முதல் 2019 வரையிலான மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தரவுத்தளம், பதிப்பு, ஒருங்குறி, திஸ்கி, குறியெண், வரிசைமுறை, மூக்கண்டப்பள்ளி, ஓசூர்.

முன்னுரை

ஏட்டில் எழுதப்பட்ட பெயர், ஏடு பழுதுபட்டால் அழியும். அழிந்ததும் கண்ணுக்குத் தெரியும். தரவுத்தளத்தில் பதிந்த பெயரோ அழியாமல் இருந்துகொண்டே தேடலுக்கு அகப்படாமல் போகலாம். பட்டா, குடும்ப அட்டை, வருங்கால வைப்புநிதி ஆகியவற்றின் பதிவேடுகள் கணினிக்கு மாறிய காலத்தில், தேடலுக்கு அகப்படாத பெயர் இல்லாத பெயராகவே கொள்ளப்படுகிறது. எனவே மென்பொருள் இற்றைப்படுத்தல் என்பது ஆவணப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகும்.

கர்நாடக எல்லையை ஒட்டிய மூக்கண்டப்பள்ளி, ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையின் வளர்ச்சியோடு சிற்றூர் நிலையிலிருந்து நகர்ப்பகுதியாக மாறியது. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழிப் பெயர்களும் வழங்கும் இப்பகுதி, பெயர்ப்பதிவின் சிக்கல்களை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும்.

1. குறியாக்கங்களின் பெருக்கம்

இந்திய மொழிகளுக்கான பொதுக் குறியாக்கமாக இஸ்கி 1988இல் வரையறுக்கப்பட்டு, 1991இல் இந்தியத் தர நிர்ணயமாக வெளியிடப்பட்டது. அதே 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, தமிழுக்கான இடங்களை 1988ஆம் ஆண்டு இஸ்கியின் அமைப்பைத் தழுவியே ஒதுக்கியது. எனினும் தொண்ணூறுகளில் தமிழ்க் கணினிப் பயன்பாட்டில் ஒருங்குறி வேரூன்றவில்லை. ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தனக்கெனக் குறியாக்கம் ஒன்றை வைத்திருந்தது. இணையவழித் தமிழறிஞர் கூட்டுமுயற்சியால் திஸ்கி உருவாயிற்று. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்'99 மாநாட்டையொட்டி டாம், டாப் ஆகிய குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தமிழக அரசு ஏற்றது. 2010 சூன் மாதம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றபோது, ஒருங்குறியை அரசுத் தரமாகவும் 16 பிட் தமிழ் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தை மாற்றுத் தரமாகவும் அரசு அறிவித்தது.

இம்மாற்றங்கள் ஒவ்வொன்றும் சேமித்த தரவின் அமைப்பையே மாற்றுபவை. 'மூக்கண்டப்பள்ளி' என்னும் பெயர் தமிழ் இலக்கணப்படி 9 எழுத்துகளை உடையது. திஸ்கியில் அது 10 பைட்டுகளில் அடங்கும். இகரக் குறி மட்டும் அங்குத் தனி இடம் பெறும். ஒருங்குறியில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் 15 குறியெண்கள் ஆகின்றன. யூடிஎஃப்-8 வடிவில் அவை 45 பைட்டுகளாகும். அனைத்தெழுத்துக் குறியாக்கத்தில் 9 குறியெண்களும் 18 பைட்டுகளும் போதும். திஸ்கிக் காலத்தில் ஊர்ப்பெயருக்கென 20 பைட்டு அகலம் ஒதுக்கிய அட்டவணை தாராளமானதே. அதே அட்டவணையில் யூடிஎஃப்-8 தரவை இட்டால் 'மூக்கண' வரை முழுமையாக நின்று, அடுத்த குறியெண் இடையில் முறிந்துவிடும்.

2. எழுத்து என்பதன் பொருள் மாறுதல்

மைஎஸ்கியூஎல் மென்பொருளின் வரலாறு இதனை நன்கு விளக்கும். 4.0 வரையிலான பதிப்புகளில் புலத்தின் அகலம் பைட்டுகளில் அளக்கப்பட்டது. குறியாக்கம் எதுவாயினும் வழங்கி பைட்டுகளை அப்படியே வாங்கி அப்படியே தந்தது. 2004இல் நிலைபெற்ற 4.1ஆம் பதிப்பு, அகலத்தை எழுத்துகளில் அளக்கத் தொடங்கியதோடு ஒவ்வொரு புலத்திற்கும் ஒரு குறியாக்கப் பெயரையும் சூட்டியது. இயல்பிருப்பான பெயர் 'லத்தீன்1' என்பதாகும். இதனால் தமிழ்த் தரவு லத்தீன் என்னும் முகவரிச் சீட்டோடு கிடந்தது. அச்சீட்டை நம்பி யூடிஎஃப்-8க்கு மாற்றினால், ஒவ்வொரு பைட்டும் ஓர் ஐரோப்பிய எழுத்தாகக் கொள்ளப்படும். மூக்கண்டப்பள்ளியின் 15 குறியெண்கள் பொருளற்ற 45 குறிகளாகத் திரையில் தோன்றும். மாற்றும் முன் புலத்தை வெறும் பைட்டு வகையாக்கி, அதன்பின் உரிய குறியாக்கத்தைச் சுட்டுவதே இதற்குத் தீர்வாகும்.

இரண்டாம் திருப்பம் 2010இல் நேர்ந்தது. அதுவரை இம்மென்பொருள் 'யூடிஎஃப்8' என அழைத்தது, ஓர் எழுத்திற்கு மூன்று பைட்டு வரை மட்டுமே ஏற்பதாகும். நான்கு பைட்டுகளை ஏற்கும் வடிவம் 5.5ஆம் பதிப்பில் 'யூடிஎஃப்8எம்பி4' என்னும் பெயரில் வந்தது. 2018இல் வெளிவந்த 8.0 அதனையே இயல்பிருப்பாக்கியது. வழக்கிலுள்ள தமிழெழுத்துகள் யாவும் மூன்று பைட்டுகளுக்குள் அடங்குவதால் இவ்வேறுபாடு நெடுங்காலம் உணரப்படவில்லை. 2019இல் ஒருங்குறியின் 12.0ஆம் பதிப்பு, முந்திரி, காணி, மா போன்ற பின்னக் குறிகளையும் பழங்கணக்குக் குறியீடுகளையும் சேர்த்து 51 எழுத்துகள் கொண்ட துணைப்பகுதியைத் தமிழுக்கு அளித்தது. இவை ஒவ்வொன்றும் நான்கு பைட்டுகள் கொள்பவை. பழைய நில ஆவணத்தைப் படியெடுக்கும் ஆய்வாளர் மூன்று பைட்டுப் புலத்தில் இக்குறியை இட்டால், கண்டிப்பு முறை இல்லாத அமைப்பில் குறியிலிருந்து எஞ்சிய வரி முழுவதும் வெட்டுப்படும். எச்சரிக்கை மட்டுமே எழும். 5.7ஆம் பதிப்பிலிருந்து கண்டிப்பு முறை இயல்பிருப்பானதால் அத்தகைய பதிவு மறுக்கப்படுகிறது. இன்னலாகத் தோன்றும் இம்மறுப்பே உண்மையில் பாதுகாப்பாகும்.

மாற்றத்திற்கும் ஒரு தடை இருந்தது. இன்னோடிபி அமைப்பின் பழைய தேடுசுட்டு 767 பைட்டுகளையே ஏற்கும். 255 எழுத்துப் புலம் மூன்று பைட்டுக் கணக்கில் 765 பைட்டுகளாக அதனுள் அடங்கும். நான்கு பைட்டுக் கணக்கில் 1020 ஆகி அடங்காது போகும். புதிய வரிசை வடிவத்தில் இவ்வெல்லை 3072 ஆக உயர்ந்த பின்னரே தடை நீங்கிற்று.

3. ஒரே தோற்றம், இரு வடிவம்

ஒருங்குறியின் பதிப்பு மாற்றங்களும் தரவுத்தளத்தைத் தாக்குகின்றன. 2005இல் வெளிவந்த 4.1ஆம் பதிப்பு 'ஶ' எழுத்தைச் சேர்த்தது. அதற்குமுன் 'ஸ்ரீ' என்பது ஸகர மெய்யோடு ரீகாரம் சேர்ந்த வரிசையாகவே பதியப்பட்டது. பின்னர் ஶகர வரிசை பரிந்துரைக்கப்பட்டது. எழுத்துருக்கள் பலவற்றில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் இவற்றை ஒருங்குறியின் இயல்பாக்க விதி ஒன்றாகக் கொள்வதில்லை. ஆகவே ஸ்ரீநிவாசன் என்னும் ஒருவரே பதிவேட்டில் இருவராகலாம்.

ஓகாரக் குறியின் நிலை வேறு. தேன்கனிக்கோட்டை என்பதிலுள்ள 'கோ' ஒரே குறியால் எழுதப்படலாம். ஏகாரக் குறியும் கால்குறியும் சேர்த்தும் எழுதப்படலாம். முன்னதில் அப்பெயர் 15 குறியெண்கள், பின்னதில் 16. இவ்விரண்டையும் இயல்பாக்கம் இணைத்துவிடும். அதனைச் செயற்படுத்துவது தரவுத்தளத்தை அமைப்பவரின் பொறுப்பு. ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் இட்டு எழுதும் வழக்கத்தையோ எந்த இயல்பாக்கமும் திருத்தாது.

4. வரிசைமுறையும் தேடுசுட்டும்

தரவுத்தள மென்பொருளைத் தொடாமலே ஒத்திசைவு குலைவதும் உண்டு. போஸ்ட்கிரெஸ் தன் அகரவரிசை விதிகளுக்கு இயங்குதளத்தின் நூலகத்தைச் சார்ந்திருக்கலாம். 2018 ஆகத்தில் வெளிவந்த கிலிப்சி 2.28 அவ்விதிகளைப் பேரளவில் புதுப்பித்தது. தேடுசுட்டோ பழைய வரிசையில் கட்டப்பட்டது. அகராதியின் வரிசை மாறிய பின் பழைய அடைவைப் பார்த்துத் தேடுவது போல, இருக்கும் பதிவு இல்லையெனப்படும். தனித்திருக்க வேண்டிய பெயர் இருமுறை பதியவும் இடமுண்டு. இயங்குதள மாற்றத்தின்பின் சுட்டுகளை மீளக் கட்டுவதே தீர்வு.

5. நிருவாக எல்லையின் பதிப்புகள்

மென்பொருளுக்கு மட்டுமன்றி ஊருக்கும் பதிப்புகள் உண்டு. சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஓசூர்ப் பகுதி, 1965இல் தருமபுரி மாவட்டம் உருவானபோது அதனுள் சென்றது. 2004இல் கிருட்டிணகிரி மாவட்டத்திற்கு உரியதாயிற்று. ஓசூர் 2019இல் மாநகராட்சியானது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரியின்கீழ் வரும் ஊர்கள் 2011இல் கிருட்டிணகிரியின்கீழ் வருகின்றன. மாவட்ட எண்ணையே ஊரின் அடையாளத்தில் பொதித்த தரவுத்தளம், இரு கணக்கெடுப்புகளிலும் உள்ள ஒரே ஊரை இரண்டாகக் காணும். மாறாத அடையாள எண்ணொன்றை ஊருக்கு அளித்து, மாவட்டத் தொடர்பைக் கால எல்லையோடு தனி அட்டவணையில் வைப்பதே பொருத்தமானது.

6. இற்றைப்படுத்தும் முறை

மேற்கண்ட வரலாறு சில நெறிகளைத் தருகிறது. முதலாவது, முழுக் காப்புநகல் எடுத்து அதனை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்தல். மீட்டுப் பாராத நகலைக் காப்பாகக் கொள்ள இயலாது. இரண்டாவது, வெளியீட்டுக் குறிப்புகளில் நீக்கப்பட்ட வசதிகளையும் மாறிய இயல்பிருப்புகளையும் பயிலுதல். மூன்றாவது, படியொன்றில் முதலில் மேம்படுத்தி, பதிவுகளின் எண்ணிக்கை, பெயர்களின் குறியெண் நீளம், அகரவரிசை ஆகியவற்றை ஒப்பிடுதல். பதிவெண்ணிக்கை ஒத்திருப்பது மட்டும் போதாது. வெட்டுப்பட்ட பெயரும் ஒரு பதிவாகவே எண்ணப்படும். நான்காவது, பின்வாங்கும் வழியை முன்கூட்டியே வகுத்தல். மைஎஸ்கியூஎல் 8.0இலிருந்து 5.7க்கு நேரடியாகத் திரும்ப வழியில்லை. பழைய காப்புநகலே துணை.

இற்றைப்படுத்தாமல் இருப்பதும் தீர்வன்று. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு முதன்மைப் பதிப்பையும் ஐந்தாண்டுகளே பேணுகிறது. அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும். பல பதிப்புகளைத் தாண்டிச் செல்லும் மாற்றம் மேலும் கடினமாகும்.

முடிவுரை

தமிழ்த் தரவுத்தளங்களின் ஒத்திசைவுச் சிக்கல், 'எழுத்து' என்பதற்கு இலக்கணமும் குறியாக்கமும் மென்பொருளும் வெவ்வேறு பொருள் கொண்டமையால் விளைந்தது என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது. மென்பொருள் நின்றுபோகும் பிழை உடனே திருத்தப்படும். ஓசையின்றிப் பெயரை வெட்டும் பிழை ஆண்டுகள் கடந்தே அறியப்படும். பின்னதே பேரிழப்பைத் தருவது. ஆதலின் தரவோடு அதன் குறியாக்கம், ஒருங்குறிப் பதிப்பு, வரிசைமுறை விதி, நிருவாக எல்லையின் காலம் ஆகியவற்றையும் பதிந்து வைத்தல் வேண்டும். ஒன்பது எழுத்துகளாலான மூக்கண்டப்பள்ளி அடுத்த பதிப்பிலும் முழுமையாக நிலைக்க அதுவே வழியாகும்.