பட்டப்பகலில் பிளாஷ் எதற்கு?

தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலையில் அம்மாவை நிற்க வைத்துப் படம் எடுக்கிறீர்கள். பின்னால் வானம் பளிச்! அம்மா முகம் மட்டும் இருட்டு. "கேமரா சரியில்லையோ?" கேமரா மேல் தப்பில்லை.

ஏன் இப்படி ஆகிறது?

பின்னணி பளிச்சென்று இருந்தால், கேமரா படத்தின் மொத்த வெளிச்சத்தையும் குறைத்துவிடும். நிழலில் இருக்கும் முகம் கறுத்துப்போகும். பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவதே பகல் 1 மணிக்குப் பிறகுதான். அந்நேரம் கண்குழியிலும் மூக்குக்குக் கீழும் நிழல் விழும். அந்த நிழலை நிரப்புவதுதான் 'ஃபில் பிளாஷ்'.

எப்படிச் செய்வது?

• பிளாஷை 'ஆட்டோ'வில் விடாதீர்கள். வெயிலில் அது பெரும்பாலும் எரியாது. 'ஆன்' செய்யுங்கள்.

• பிளாஷ் அளவை -1க்குக் குறையுங்கள். ஒளி பாதியாகும், படம் இயல்பாக இருக்கும்.

• பல கேமராக்களில் ஷட்டர் வேகம் 1/200 அல்லது 1/250 நொடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் படத்தில் கறுப்புப் பட்டை விழலாம்.

• கிட்டப் போங்க. தூரம் இரண்டு மடங்கானால் பிளாஷ் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும்.

கைப்பேசி மட்டும்தான் இருக்கா?

அதன் சின்ன விளக்கு வெயிலோடு போட்டி போடாது. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் என்றால், கடை முன்னால் அஞ்சடி நிழலில் தெருவைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். தெரு வெளிச்சமே முகத்தை நிரப்பும்.

காவடி எடுப்பவரின் கண்ணுக்கு நேரே மட்டும் பிளாஷ் அடிக்க வேண்டாம்.

இது முகத்தை வெள்ளையாக்கும் வித்தை இல்லை. அம்மாவின் நிறம் உள்ளது உள்ளபடி தெரியணும், அவ்வளவுதான்.