வேடன் தாங்கலும் ஒரு கவுலும்

கருங்குழி என்றதும் தமிழன்பர் பலருக்கும் வள்ளற்பெருமான் தண்ணீரால் விளக்கெரித்த ஊரே நினைவில் எழும். அது வடலூரை அடுத்த கருங்குழி. நம் கருங்குழி மதுராந்தகத்திற்கு வடக்கே, சென்னை – திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டியது. கர்நாடகப் போர்க்காலத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போட்டியிட்ட கோட்டை ஒன்று இங்கிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கும்பினியாருடைய ஜாகீரின் ஆட்சித் தலைமையிடமாகவும் இவ்வூர் விளங்கிற்று. இதற்கு மேற்கே சில கல் தொலைவிலுள்ள வேடந்தாங்கலைப் பற்றி எழுதப் புகுந்த நான் கருங்குழியில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அங்குள்ள பறவைகளின் காவல் வரலாறு, நமக்குக் கிடைத்த அளவில், கலெக்டர் கச்சேரியின் தாள் ஒன்றிலிருந்தே தொடங்குகிறது.

வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டனர் என்றும், ஊரார் திரண்டு சென்று கலெக்டரிடம் முறையிட்டனர் என்றும், அதன் பயனாக 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு வழங்கும் கவுல் ஒன்று பிறந்தது என்றும் அறிகிறோம். அவ்வாண்டுகளில் (1794–98) ஜாகீரின் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். மதுராந்தகத்து ஏரிகாத்த இராமர் கதையில் வரும் பிளேஸ் துரை இவரே. உடையவிருந்த கரையில் வில்லேந்திய இருவரைக் கண்டார் என்னும் கதையை நம் சிறுவரும் அறிவர். கவுலின் கதையைப் பெரியவரும் அறியார்.

கவுல் என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்குதல் தகும். அரபு மொழியில் அதற்குச் சொல், வாக்கு என்பன பொருள். நம் வருவாய்த்துறைத் தாள்களில், தரிசு நிலத்தைத் திருத்திப் பயிரிடுவோருக்கு இத்தனை ஆண்டு இவ்வளவு தீர்வை என எழுதிக் கொடுக்கும் உறுதிச்சீட்டே பெரும்பாலும் கவுல் எனப்பட்டது. நிலத்திற்கும் விளைவிற்கும் உரிய அச்சீட்டின் பெயரையே பறவைக்காக வாங்கிய சீட்டும் தாங்கி நிற்கிறது. ஊரார் சீவகாருணியம் பேசியும் இருக்கலாம். ஆனால் கலெக்டரின் செவியில் ஏறியது உழவுக் கணக்காகத்தான் இருந்திருக்கும் என்பது என் துணிபு. வரி ஒன்றே குறியான ஆட்சிக்கு, அந்த எச்சம் விழும் நீர் எங்கள் வயலுக்கு உரம் என்பதைவிட விளங்கும் வாதம் வேறு ஏது?

யூஜீன் இர்ஷிக் என்னும் அமெரிக்க வரலாற்றறிஞர், செங்கற்பட்டுச் சீமையைப் பற்றி 1994-இல் வெளியிட்ட நூலில், அக்காலத்து நில அறிவு ஆள்வோரும் ஆளப்பட்டோரும் நிகழ்த்திய உரையாடலில் உருவானது என்று வாதிடுகிறார். பூவிருந்தவல்லிப் பக்கத்து மிராசுதாரரோடு பிளேஸ் மல்லுக்கு நின்றதும் அந்நூலில் விரிவாக வருகிறது. வேடந்தாங்கல் கவுலையும் இவ்வரிசையில் வைத்து எண்ணலாம். துரை கையொப்பமிட்டார், பாடம் சொன்னவர்கள் ஊரார். காட்டுயிர்க் காப்புக் கல்வி என்று இன்று வழங்கும் தொடரை அன்றைக்குப் பொருத்தினால், ஆசிரியர் யார், மாணாக்கர் யார் என்பது தலைகீழாகத் தோன்றும்.

ஊராரிடம் இருந்த அறிவு யாது? ஏரி சிறியது, ஏறத்தாழ 30 எக்டேர். தாங்கல் என்னும் பெயரே அதற்குச் சான்று; பேரேரிக்கு அப்பெயர் வழங்குவதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைய, நீருள் நிற்கும் நீர்க்கடம்புகளும் கருவேல மரங்களும் தீவுகளாகின்றன. மரத்தடியில் நீர் நிற்பது, நாயும் நரியும் அணுகாத அகழி. ஐப்பசி, கார்த்திகையில் வரும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, கரண்டிவாயன் முதலியன அம்மரங்களில் கூடு கட்டுகின்றன. ஆனால் அவை இரை தேடுவது பெரும்பாலும் அவ்வேரியில் அன்று. சுற்றுவட்டாரத்து வயல்களிலும் பிற ஏரிகளிலும். பல ஊர் நத்தையும் மீனும் குஞ்சுகளின் வயிற்றுக்குச் சென்று, எச்சமாய் இந்த ஓர் ஏரியில் விழுகின்றன. அவ்வளவு தழைச்சத்தும் மணிச்சத்தும் மதகு வழியே வயலுக்குப் பாய்கின்றன. பிற்காலத்து அறிவியல் பெயர் சூட்டி விளக்கியதை ஊரார் விளைச்சலைக் கண்டு அறிந்திருந்தனர். கூடு கட்டும் பருவத்தில் வேட்டும் வெடியும் ஆகா என்று தீபாவளி வெடியை விட்டுக்கொடுத்ததும் அவ்வறிவின் ஒழுக்கமே.

இவ்வறிவு ஏரியைப் பேணும் ஏற்பாட்டோடு பிணைந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு ஜாகீரின் ஏறத்தாழ 2000 ஊர்களைக் கணக்கெடுத்தார். அறிஞர் தரம்பால் முதலியோர் வெளிக்கொணர்ந்த அக்கணக்குகளில், விளைச்சலிலிருந்து ஏரிக்கும் ஊர்ப்பணியாளர்க்கும் பங்கு ஒதுக்கிய முறையைக் காண்கிறோம். நீர் காக்கும் முறை இருந்தமையால் பறவை காக்கும் முறையும் இருந்தது.

அதன்பின் நடந்தவை வேகமானவை. 1936-இல் ஏரி காப்பிடமாக ஏற்கப்பட்டது. 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1998-இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை சரணாலய எல்லை விரிந்தது. 2022-இல் அண்டையிலுள்ள கரிக்கிலியும் வேடந்தாங்கலும் இராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. ஐந்து கிலோமீட்டர் என்பது பறவை இரை தேடும் வயல்களையும் சேர்த்துக் கருதிய செயல். உழவரின் பழைய அறிவுக்கு அணுக்கமானது. அதனாலேயே அவ்வெல்லையை மண்டலங்களாகப் பிரித்துச் சுருக்கும் முன்மொழிவு 2020-இல் எழுந்தபோது எதிர்ப்பும் எழுந்தது. எனினும் வயல் மனையாகவும் ஆலையாகவும் மாறுமிடத்தில், கடை உரத்தை நம்பி உழவர் ஏரி நீரின் உரத்தை மறக்குமிடத்தில், சட்டத்தின் எல்லைக்கோடு எத்தனை நாள் தாங்கும் என்னும் ஐயம் எனக்கு உண்டு.

இதே மாவட்டத்தில் வேறொரு மக்களின் அறிவு வேறு விதமாய் எதிர்கொள்ளப்பட்டது. இருளர்க்கு எவரும் கவுல் எழுதிக் கொடுக்கவில்லை. வயல் எலியைப் பிடித்து, வளைக்குள் அது சேர்த்த நெல்லையும் தோண்டி எடுத்து உண்டவர்கள். மணலில் பதிந்த தடத்தையும் வளைவாயிலின் வழவழப்பையும் உரித்த சட்டையையும் கொண்டு உள்ளே கிடப்பது இன்ன பாம்பு என்று சொல்ல வல்லவர்கள். தோல் வணிகர் அவ்வறிவை மலிவாக வாங்கினர். 1972-ஆம் ஆண்டுச் சட்டமும், 1976-இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் வணிகத்தை நிறுத்தின. பாம்புகளுக்கு அது வேண்டியதே. ஆனால் ஒரே வீச்சில் அறிவுடையோர் குற்றவாளிகளாயினர்.

மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில், 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ரோமுலஸ் விட்டேகர் அதற்குத் துணைநின்றார். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்துச் சில வாரம் மண்பானையில் வைத்து, நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுகின்றனர். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி இங்கிருந்து சென்றது. 2017-இல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் புளோரிடாவிற்கு அழைக்கப்பட்டு, அங்குப் பெருகிவிட்ட மலைப்பாம்புகளுள் 13-ஐ முதல் இரு வாரத்திற்குள் பிடித்துக் கொடுத்தனர். 2023-இல் இருவரும் பத்மஸ்ரீ பெற்றனர். ஆயினும் ஆண்டுக்கு எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு அவர்கள் வனத்துறையின் இசைவுக்குக் காத்திருக்க வேண்டும். 1798-இன் ஊரார் பெற்றது உரிமை. இவர்கள் பெற்றது அனுமதி. இவ்விரண்டின் வேறுபாடே இவ்வரலாற்றை எழுதத் தூண்டியது.

நம் வட்டத்துக் கவிஞர்களிடம் ஒரு குறையும் சொல்ல வேண்டும். சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விடுகையில் அதன் காலின் நிறமும் அலகின் வடிவும் அது திரும்பிச் செல்லும் திசையும் அறிந்து பாடினார். பத்தாண்டுக் கவியரங்கங்களில் நாம் பாடியதோ பெரும்பாலும் பெயரற்ற 'பறவை'. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவியரை வேடந்தாங்கலுக்கு அழைத்துச் சென்றேன். கழுத்தை மட்டும் நீருக்கு மேல் நீட்டி நீந்திய கரும்பறவையைக் காட்டி ஒருத்தி பெயர் கேட்டாள். நீர்க்காகம் என்றேன். பின்னால் நின்ற மற்றொருத்தி, கருங்குழிப் பக்கத்து உழவர் மகள், தயங்கித் தயங்கி, “இல்லீங்க அம்மா, அது பாம்புத்தாரா. நீர்க்காகத்துக்கு மூக்கு நுனி வளைஞ்சிருக்கும், இதுக்கு ஊசியாட்டம் நேரா இருக்கும்” என்றாள். யார் சொல்லிக் கொடுத்தார் என்று கேட்டேன். ஏரி மதகுக்கு நீர் பார்க்கப் போகும் பாட்டனார் என்றாள். மற்ற மாணவியர் விளக்கப் பலகையை விட்டுவிட்டு அவளைச் சூழ்ந்துகொண்டனர். நானும் குறிப்பேட்டைத் திறந்தேன். அன்று மாலைக்குள் பதினேழு பெயர் எழுதியிருந்தோம்.