ஒளியால் ஆக்கிய அச்சம்

அச்சம் இருளிலே பிறக்கிறது என்று எண்ணுவது உலக இயல்பு. திரைப்படத்திலோ இருளும் ஒளியை அளந்து வைத்துச் செய்யப்படுவதே. ஆதலின் அங்கே அச்சத்தை ஆக்குபவன் ஒளிப்பதிவாளன். கொலைஞனைக் கதைத்தலைவனாக்கிய படங்களின் வரலாற்றில் இவ்வுண்மையை மெய்ப்பித்தவர் இருவர். ஒருவர் இத்தாலியர், மற்றவர் நம் கிழக்கிலங்கையர்.

1929ஆம் ஆண்டு இத்தாலியில் மொண்டடோரி என்னும் பதிப்பகம் துப்பறியும் கதைகளை மஞ்சள் அட்டையிட்டு வெளியிடத் தொடங்கியது. மஞ்சள் நிறத்துக்கு அந்நாட்டு மொழியில் ‘ஜாலோ’ என்று பெயர். நாளடைவில் அச்சொல் கொலைக் கதைகளுக்கும், பின்னர்க் கொலைப் படங்களுக்கும் பெயராயிற்று. அத்தகைய படங்களுக்கு வழிவகுத்தவர் மாரியோ பாவா. 1914இல் பிறந்த அவர், ஒளிப்பதிவாளர் ஒருவரின் மைந்தர்; தாமும் பல்லாண்டு ஒளிப்பதிவாளராயிருந்து, பின்னர் நெறியாளரானவர். ‘கொலைகாரனுக்கு ஆறு பெண்கள்’ எனப் பொருள்படும் அவரது படம் 1964இல் வெளிவந்தது. ஆடை அலங்கார நிலையம் ஒன்றின் பெண்கள், ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்படுகின்றனர். கொலைஞனின் முகத்தை வெண்துணி மூடியிருக்கிறது. கைகளில் கறுப்புக் கையுறை. சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக ஒளி பாய்கிறது. பொருட்செலவோ மிகச் சிறிது. சிறுவர் இழுத்து விளையாடும் வண்டியின் மேல் படப்பெட்டியை ஏற்றி நகர்த்தினர் என்பர்.

இனி நம் நாட்டவரைக் காண்போம். திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த லிங்கநகரிலிருந்து கரையோரமாகத் தெற்கே சென்றால் மட்டக்களப்பை அடையலாம். அதன் அயலிலுள்ள அமிர்தகழியிற் பிறந்தவர் பாலுமகேந்திரா. புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்றார். 1974இல் வெளிவந்த ‘நெல்லு’ என்ற மலையாளப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். 1977இல் ‘கோகிலா’ என்ற கன்னடப் படத்தால் நெறியாளரானார். அவருடைய ‘மூடுபனி’ 1980இல் திரைக்கு வந்தது. ராஜேந்திரகுமாரின் நாவலொன்றைத் தழுவிய அப்படம், இளையராஜா இசையமைத்த நூறாவது படமுமாகும்.

ஒருவர் மற்றவரைப் பின்பற்றினார் என்று நிறுவுவதற்கன்று இவ்வொப்பீடு. இருவருக்கும் முன்னே ஹிட்ச்கொக் என்னும் பேராசிரியர் நின்றார் என்பது வெளிப்படை. ஆயினும் இருவர் சென்ற வழிகளும் வேறு. பாவா நிறத்தை அள்ளி இறைத்தார். பாலுமகேந்திராவோ இயற்கை ஒளியையே பெரிதும் நம்பினார். ஊட்டியின் பனியும், சாளரத்து வெளிச்சமும் அவருக்குப் போதுமானவையாயின. பாவாவின் கொலைஞனுக்கு முகமில்லை. ‘மூடுபனி’யின் சந்துருவுக்கோ முகமுண்டு; மென்மையான பேச்சுமுண்டு. பரத்தை ஒருத்தியை நாடித் தாயைத் துன்புறுத்திய தந்தையைக் கண்டு வளர்ந்த சிறுவனே, பின்னாளில் அத்தொழில் செய்யும் பெண்களைக் கொல்பவனாகிறான். கொலை எவ்வாறு நிகழ்ந்தது என்று ஒருவர் காட்ட, அது எங்கே விதைக்கப்பட்டது என்று மற்றவர் வினவினார்.

எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கொல்லப்பட்ட பெண்களின் கதை யாது? இத்தாலியப் படத்தில் அவர்களின் சாவே அழகிய காட்சியாக்கப்பட்டது. தமிழ்ப் படத்திலோ, கொலைஞனின் இளமைத் துயரை அறியும் அளவுக்கு மாண்ட பெண்களின் வாழ்வை நாம் அறிவதில்லை. கடத்திச் செல்லப்பட்ட ரேகா ஒருத்திக்கே உயிர்ப்பு வாய்த்தது. அப்பாத்திரத்தை ஏற்ற ஷோபா, படம் வெளிவருமுன்னரே, அவ்வாண்டு மே மாதத்திற் காலமானார். பாவா மறைந்ததும் அதே 1980இற்றான். பாலுமகேந்திரா 2014இல் மறைந்தார்.

கலைத்திறன் கண்டு வியப்பது நன்று. கொலைஞனின் மனப்புண்ணை அறிய முற்படுவதும் நன்றே. ஆனால் அவனுக்கு ஒரு தாய் இருந்ததை நினைவூட்டும் கலை, அவன் கொன்றவளுக்கும் ஒரு தாய் இருந்தாள் என்பதை நினைவூட்டத் தவறுமாயின், அதன் ஒளி பாதி முகத்தின் மேல் மட்டுமே விழுந்ததாகும். இத்தகைய படங்களைக் காணும்போது மறுபாதியைத் தேடிப் பார்ப்பது, காண்போராகிய நம் கடன்.